போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல்: பயிற்சியில் இறந்த விமானியைக் கண்டுபிடிக்க எவ்வளவு உதவும்?

1941 டிசம்பர் 11. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ராக்ஸ்ஹோம் என்ற சிற்றூருக்கு மேலே, சுமார் 1,400 அடி உயரத்தில், மேகத்தில் கிடைத்த இடைவெளி வழியாக இறங்கிய ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானமும், கிரான்வெல் பயிற்சித் தளத்திலிருந்து கிளம்பிய ஓர் ஏர்ஸ்பீட் ஆக்ஸ்ஃபோர்டு பயிற்சி விமானமும் மோதிக்கொண்டன. ஸ்பிட்ஃபயரில் இருந்தவர் ஜான் கில்லெஸ்பி மகீ, கனடிய விமானப் படையின் 412ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். விமானக் கூரையைத் தள்ளித் திறந்து அவர் எழுந்து குதித்ததை ஓர் உழவர் பார்த்திருக்கிறார். பாராசூட் விரிவதற்குள் தரை வந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டை ஓட்டியவர் பயிற்சி மாணவர். அவரும் பிழைக்கவில்லை. இருவருக்கும் வயது 19.

மகீ அதே ஆண்டு எழுதிய ஒரு சொனட் (பதினான்கு வரிக் கவிதை) விமானிகளிடையே இன்றும் வாழ்கிறது. அதனால் அவர் பெயரைத் தட்டினால் பக்கம் பக்கமாக வரும். மற்றவரைப் பற்றி அப்படி எதுவும் வராது. போர்க்காலப் பயிற்சியில் இறந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அந்த இரண்டாமவரைப் போன்றவர்கள்தான். அப்படி ஒருவரைத் தேடத் தொடங்குபவர் முதலில் போய் நிற்கும் இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல். அந்தச் சேவை இந்த வகைத் தேடலுக்கு எந்த அளவு பயன்படுகிறது, எங்கே கைவிடுகிறது, கைவிட்ட இடத்தில் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதே இந்த மதிப்புரை.

முதலில், சேவை என்ன என்று சுருக்கமாக. ஆணையம் 1917இல் அரச சாசனத்தால் உருவானது. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த காமன்வெல்த் படையினர் சுமார் 17 லட்சம் பேரின் பெயர்களைப் பராமரிக்கிறது. இணையத் தேடல் இலவசம், கணக்குத் தொடங்கத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போருக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் கால வரம்பு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. இந்த வரம்புக்குள் படைப் பணியில் இருக்கும்போது இறந்திருந்தால் போதும். எதிரியின் குண்டில் இறந்தாரா, பயிற்சி விமானம் விழுந்து இறந்தாரா, காய்ச்சலில் இறந்தாரா என்று ஆணையம் பார்ப்பதில்லை. பெர்லின் வானில் சுடப்பட்டவருக்கும், தனியாகப் பறக்கத் தொடங்கிய வாரத்தில் டைகர் மாத் விமானத்தில் விழுந்தவருக்கும் ஒரே அளவுக் கல், ஒரே மாதிரிப் பதிவு.

இந்தச் சமத்துவம் மிகப் பெரிய நன்மை. அதன் அருமை அமெரிக்க ஏற்பாட்டோடு வைத்துப் பார்த்தால் தெரியும். அமெரிக்கப் போர் நினைவுச் சின்ன ஆணையம் வெளிநாட்டு மண்ணில் புதைக்கப்பட்டவர்களையும், உடல் கிடைக்காமல் அங்குள்ள சுவர்களில் பெயர் பொறிக்கப்பட்டவர்களையும் மட்டுமே முதன்மையாகப் பட்டியலிடுகிறது. உள்நாட்டுப் பயிற்சியில் இறந்த அமெரிக்க ராணுவ விமானப் படையினர் மட்டும் சுமார் 15,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊர்க் கல்லறைகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களை ஒரே இடத்தில் தேடும் அரசுப் பட்டியல் எதுவும் இதற்கு இணையாக இல்லை.

அதே சமத்துவம்தான் தேடுபவருக்கு முதல் இடையூறும் ஆகிறது. இறப்புக்கான காரணம் பதிவில் இல்லை. 'பயிற்சி' என்று வடிகட்டப் பெட்டி இல்லை. மகீயின் பக்கத்தில் பெயர், பதவி, படை எண், ஸ்குவாட்ரன், இறந்த நாள், வயது, பெற்றோர் விவரம், ஸ்காப்விக்கில் உள்ள கல்லறை எல்லாம் இருக்கும். அவர் எப்படி இறந்தார் என்பது இருக்காது. அதே நாளில் அவரோடு மோதி இறந்தவரின் பக்கத்துக்கு அங்கிருந்து வழியும் இருக்காது. ஒரே விபத்தில் இறந்தவர்களை இணைக்கும் ஏற்பாடு இந்தச் சேவையில் இல்லை. ஆகவே பதிவில் உள்ளதை வைத்து, இல்லாததை ஊகிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

தேடுவது எப்படி

தேடல் பக்கத்தில் குடும்பப் பெயர், முதற்பெயர் என்ற இரண்டு பெட்டிகளுக்குக் கீழே விரிவான வடிகட்டிகள் இருக்கின்றன. 'சர்வ்டு இன்' என்பது எந்தப் படை: தரைப்படை, விமானப் படை, கடற்படை, வணிகக் கப்பல் படை. 'சர்வ்டு வித்' என்பது எந்த நாட்டுப் படை: பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா. அடுத்து எந்தப் போர், இறந்த நாள், பதவி, படை எண், ரெஜிமென்ட், யூனிட், கல்லறை அமைந்த நாடு, கல்லறைத் தோட்டத்தின் பெயர், கூடுதல் தகவலில் ஒரு சொல்.

எல்லாப் பெட்டிகளையும் நிரப்புவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஒவ்வொரு பெட்டியும் ஒரு கதவை மூடுகிறது. குடும்பப் பெயர், இரண்டாம் உலகப் போர், விமானப் படை, இந்த மூன்றை மட்டும் கொடுத்துத் தொடங்குங்கள். நிறைய வந்தால் நாளைச் சேருங்கள். நாளைச் சேர்க்கும்போது ஒரே நாளாகக் கொடுக்காமல் முன்பின் சில நாள் இடைவெளி விடுங்கள். இரவுப் பயிற்சியில் நள்ளிரவு தாண்டி விழுந்த விமானத்தின் குழுவினருக்குக் குடும்பத்தார் முந்தைய தேதியையே சொல்லி வந்திருப்பார்கள். தீக்காயத்தோடு மருத்துவமனையில் நான்கைந்து நாள் கிடந்து இறந்தவருக்கு விபத்து நாள் வேறு, பதிவில் உள்ள நாள் வேறு.

அடுத்த பொறி ரெஜிமென்ட் பெட்டி. பிரிட்டனில் போர் தொடங்கிய பின் விமானப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் 'ராயல் ஏர் ஃபோர்ஸ் வாலன்டியர் ரிசர்வ்' (விமானப் படையின் தன்னார்வச் சேமப் படை) என்ற பெயரில் பதிவானவர்கள். 'ராயல் ஏர் ஃபோர்ஸ்' என்று மட்டும் தேர்ந்தெடுத்தால் ரிசர்வில் இருந்தவர் பட்டியலில் இல்லாமலே போகலாம். இந்தப் பெட்டியைக் காலியாக விடுவதே நல்லது.

யூனிட் பெட்டியும் அப்படித்தான். ஸ்குவாட்ரனில் இருந்தவருக்கு எண் இருக்கும். பயிற்சிப் பள்ளியில் இருந்தவருக்குப் பள்ளியின் பெயர் பல பதிவுகளில் இருக்காது. யூனிட் காலியாக இருப்பதே பயிற்சி மாணவருக்கான ஒரு குறிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தரைப் பணியாளர்கள் பலருக்கும் அது காலியாக இருப்பதால், இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

பெயர் எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு சொல். மெக், மேக் என்று தொடங்கும் ஸ்காட்டிஷ், ஐரிஷ் பெயர்கள், ஓ சேர்ந்த பெயர்கள், இரட்டைக் குடும்பப் பெயர்கள் எல்லாவற்றையும் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். சில பதிவுகளில் முதற்பெயருக்குப் பதில் அதன் முதலெழுத்து மட்டுமே இருக்கும். ஆகவே முதற்பெயர்ப் பெட்டியைக் கடைசியில் தொடுங்கள். இந்தியப் பெயர்கள் இன்னும் சிக்கல். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாதவர்களின் பெயரை எழுத்தர்கள் தோன்றியபடி இரண்டாக உடைத்திருக்கிறார்கள். எந்தத் துண்டு எந்தப் பெட்டியில் விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. படை எண் தெரிந்தால் அதை மட்டும் கொடுத்துத் தேடுவது நேர்வழி.

படை எண்ணும் ஒரு கதை சொல்லும். கனடிய விமானப் படையில் எண்ணுக்கு முன்னால் 'ஆர்' இருந்தால் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்தவர், 'ஜே' இருந்தால் போர்க்காலத்தில் அதிகாரியாக ஆக்கப்பட்ட விமானப் பணியாளர். தேடும்போது முன்னெழுத்தோடு ஒரு முறை, எண்ணை மட்டும் வைத்து ஒரு முறை என இரண்டு விதமாகவும் முயல வேண்டும்.

பதிவைப் படித்துப் பயிற்சியை அடையாளம் காண்பது

இதுதான் இந்தச் சேவையைப் பயன்படுத்துவதில் முக்கியமான திறமை. முதலில் பதவியைப் பாருங்கள். பிரிட்டிஷ், கனடியப் படைகளில் விமானியாகச் சேர்பவர் கடைநிலை ஏர்கிராஃப்ட்மேனாகத் தொடங்குவார். தொடக்க வகுப்புப் பயிற்சி முடிந்ததும் லீடிங் ஏர்கிராஃப்ட்மேன் ஆவார். விமானத்தில் ஏறிப் பயிலும் காலம் முழுவதும், அதாவது டைகர் மாத் அல்லது ஃப்ளீட் ஃபிஞ்ச் விமானத்தில் தொடக்கப் பறப்புப் பள்ளியிலும், பிறகு ஹார்வர்டு, ஆன்சன், ஆக்ஸ்ஃபோர்டு விமானங்களில் அடுத்த நிலைப் பள்ளியிலும், அதே பதவிதான். பயிற்சியில் தேறி மார்பில் விமானிக்கான இறக்கை முத்திரை குத்தும் நாளில் சார்ஜென்ட் அல்லது பைலட் ஆபிஸர் ஆவார். ஆகவே லீடிங் ஏர்கிராஃப்ட்மேன் என்ற பதவியும் 19, 20 வயதும் சேர்ந்து வந்தால் விமானப் பயிற்சி மாணவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சில பதிவுகளில் பதவியோடு 'பைலட் அண்டர் டிரெய்னிங்' என்றோ அதன் சுருக்கமோ இருக்கும். இருந்தால் வேலை முடிந்தது. ஆனால் அனுபவம் உள்ள தரை மெக்கானிக்கும் அதே பதவியில் இருப்பார் என்பதை மறக்க வேண்டாம். வயது 30ஐத் தாண்டியிருந்தால் மெக்கானிக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சார்ஜென்ட் என்று இருந்தால் பயிற்சி முடிந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படி இல்லை. முத்திரை வாங்கிய பிறகும் போர் ஸ்குவாட்ரனுக்குப் போகும் முன் 'ஆபரேஷனல் டிரெய்னிங் யூனிட்' என்ற போர்ப் பறப்புப் பயிற்சிக் கட்டம் உண்டு. நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானத்துக்குப் போகிறவருக்கு அதற்கு மேல், அந்தப் பெரிய விமானத்துக்குப் பழக்கும் 'ஹெவி கன்வர்ஷன் யூனிட்'. உயிர்ச்சேதம் மிகுந்த கட்டங்கள் இவை. போர்முனையில் தேய்ந்து திரும்பிய வெலிங்டன், விட்லி குண்டுவீச்சு விமானங்கள் இங்கேதான் வந்து சேர்ந்தன. புதிதாகக் கூடிய குழு, இரவுப் பறப்பு, மேகம் மூடிய மலைகள், ஒற்றை இயந்திரத்தில் திரும்பி இறங்க முயலும்போது வேகம் குறைந்து சரிவது, எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம் அது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் பிரிவின் மொத்த இழப்பு 55,573 பேர். அவர்களில் 5,000க்கும் மேற்பட்டோர் பயிற்சி விபத்துகளில் இறந்தவர்கள். குடும்ப நினைவில் 'ஜெர்மனிக்குப் போய்த் திரும்பவில்லை' என்று தங்கியிருக்கும் சிலர் உண்மையில் வேல்ஸ் மலையிலோ யார்க்ஷயர் மேட்டிலோ மோதியவர்கள்.

இரண்டாவது குறிப்பு, கல்லறை எந்த நாட்டில் என்பது. போரில் வெளிநாட்டில் இறந்தவர்களின் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்பது ஆணையத்தின் கொள்கை. அதனால் பிரிட்டிஷ் ரிசர்வ் லீடிங் ஏர்கிராஃப்ட்மேன் ஒருவரின் கல்லறை கனடாவின் மெடிசின் ஹாட்டிலோ, மூஸ் ஜாவிலோ, இன்றைய ஜிம்பாப்வேயின் புலவாயோவிலோ இருந்தால், அவர் பயிற்சிக்காகவே அங்கே இருந்தார் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அந்த ஊர்களிலோ அவற்றை ஒட்டியோ பயிற்சிப் பள்ளிகள் இருந்தன. 1939 டிசம்பர் 17இல் கையெழுத்தான காமன்வெல்த் விமானப் பயிற்சி ஒப்பந்தத்தின் வழியே கனடாவில் மட்டும் 1,31,000க்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் தேறினார்கள். அந்த எண்ணிக்கையின் மறுபக்கம் இந்தக் கல்லறை வரிசைகளில் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஆர்கேடியாவில் 23 பிரிட்டிஷ் மாணவர்களும், ஒக்லஹோமாவின் மியாமியில் 15 பேரும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 'கல்லறை அமைந்த நாடு' பெட்டியில் அமெரிக்காவையும், படையாக விமானப் படையையும், பதவியாக லீடிங் ஏர்கிராஃப்ட்மேனையும் கொடுத்துப் பாருங்கள். வரும் பட்டியல் பெரும்பாலும் மாணவர்களுடையதே. முடிவுகளை விரிதாளாகத் தரவிறக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. தேதிவாரியாக அடுக்கினால், ஒரே நாளில் ஒரே தோட்டத்தில் இருவர் இருப்பது கண்ணில் படும். இரண்டு பேரும் ஒரே விமானத்தில் இருந்திருக்கலாம் என்பதற்கு அதுதான் முதல் தடயம். இணைக்கும் ஏற்பாடு இல்லாத குறையைத் தரவிறக்கம் ஓரளவு ஈடுகட்டுகிறது.

பிரிட்டனுக்குள் இறந்தவர் விஷயத்தில் இந்த முறை உதவாது. உள்நாட்டில் இறந்த பிரிட்டிஷ்காரரின் உடலைக் குடும்பம் சொந்த ஊருக்கு எடுத்துப்போகலாம். லிங்கன்ஷயரில் விழுந்தவர் பர்மிங்ஹாமில் இருப்பார். விபத்து நடந்த ஊரின் தேவாலயத் தோட்டத்தில் தேடி ஏமாறுவது வழக்கமாக நடப்பது. கனடியர், ஆஸ்திரேலியர், நியூசிலாந்தினருக்கு அந்த வழி இல்லாததால் அவர்களைத் தளத்துக்கு அருகிலுள்ள தேவாலயத் தோட்டத்திலோ வட்டார விமானப் படைக் கல்லறைகளிலோ புதைத்தார்கள். ஹாரகேட்டின் ஸ்டோன்ஃபால், செஸ்டரின் பிளேக்கன், ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லி ஆகியவை அப்படிப்பட்டவை. ஸ்டோன்ஃபாலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் யார்க்ஷயர் தளங்களிலிருந்து பறந்த கனடியர்கள். அங்கே பயிற்சி விபத்தில் இறந்தவரும் போர்ப் பறப்பிலிருந்து திரும்பும்போது விழுந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். கல்லைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

உடலே கிடைக்காதவர்களுக்குக் கல்லறைக்குப் பதில் ஒரு நினைவுச் சின்னத்தின் பலகை எண் வரும். பிரிட்டிஷ் தளங்களிலிருந்து கிளம்பிக் கடலில் மறைந்தவர்கள் இங்கிலாந்தின் ரன்னிமீடு நினைவுச் சின்னத்தில் இருக்கிறார்கள். 1953இல் திறக்கப்பட்ட அந்தச் சின்னத்தில் 20,000க்கும் மேற்பட்ட பெயர்கள். கனடா, மேற்கிந்தியத் தீவுகள், அமெரிக்கா பகுதிகளில் பணியிலோ பயிற்சியிலோ மறைந்து கல்லறை இல்லாதவர்கள் சுமார் 800 பேர் ஒட்டாவா நினைவுச் சின்னத்தில். ஒரு பெயர் ஒட்டாவாவில் இருந்தால் அந்த மனிதர் ஐரோப்பியப் போர்முனைக்குப் போகும் முன்பே, அல்லது அங்கிருந்து மேற்கே வந்த பிறகு, மறைந்தார் என்று பொருள். ரன்னிமீடு என்றால் எதையும் ஊகிக்க முடியாது.

கடற்படை விமானிகளைத் தேடுவோர் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கடற்படையின் விமானப் பிரிவான 'ஃப்ளீட் ஏர் ஆர்ம்' விமானிகள் ஆணையத்தின் பதிவில் விமானப் படையின் கீழ் வரமாட்டார்கள், கடற்படையின் கீழ்தான் வருவார்கள். யூனிட் இடத்தில் ஒரு கப்பல் பெயர் இருக்கும். பல சமயம் அது கப்பலே அல்ல. கரையிலிருந்த விமானத் தளங்களுக்கும் கடற்படை கப்பல் பெயரே வைத்தது. இலங்கையில் புத்தளத்துத் தளம் எச்.எம்.எஸ். ராஜாலிய, கட்டுகுருந்தைத் தளம் எச்.எம்.எஸ். உகுஸ்ஸா, திருகோணமலைத் தளம் எச்.எம்.எஸ். பம்பாரா. விமானந்தாங்கிக் கப்பல்களுக்குப் போகும் ஸ்குவாட்ரன்கள் கோர்ஸேர் போன்ற விமானங்களில் கையைப் பழக்கிக்கொண்ட இடங்களில் புத்தளமும் ஒன்று. அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு மூழ்கிய கப்பல்களின் பட்டியலில் தேடுபவர்கள் வீணாக அலைவார்கள். கல்லறை இல்லாத கடற்படை விமானிகளின் பெயர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் லீ-ஆன்-சாலென்ட் நினைவுச் சின்னத்தில் உள்ளன.

பக்கத்தின் கீழே இருக்கும் தாள்கள்

பெரும்பாலான பெயர்களின் பக்கத்தில் கீழே போனால் அந்தக் காலத் தாள்களின் ஸ்கேன் பிரதிகள் கிடைக்கும்: கல்லறைப் பதிவுப் படிவம், கல்லில் என்ன பொறிக்க வேண்டும் என்ற அட்டவணை, சிலருக்கு உடலை வேறிடம் மாற்றிய பதிவு. பலர் இதைத் திறப்பதே இல்லை. தட்டச்சு செய்த தரவில் விடுபட்டது தாளில் இருக்கும். கல் அட்டவணையில் குடும்பம் கேட்டுக்கொண்ட வாசகம், சில சமயம் அதைக் கேட்டவரின் பெயர் இருக்கும். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த கல்லறைகளின் பெயர்களும் வருவதால், ஒரே நாளில் இறந்த குழுவினரை அங்கேயே பார்த்துவிடலாம். அடித்துத் திருத்திய இடங்களை விடாமல் படியுங்கள். படை எண்ணில் ஓர் இலக்கம் மாறியதுகூட அங்கே தெரியும்.

வயதும் பெற்றோர் பெயரும் காலியாக இருந்தால், ஆணையத்திடம் அந்த விவரம் வந்து சேரவில்லை என்று பொருள். அவற்றைக் குடும்பத்தாரே படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. பதில் வராவிட்டால் இடம் காலி. வயது இல்லாத பதிவை வயது வடிகட்டி தவறவிடும் என்பதால் அந்தப் பெட்டியை நம்பக் கூடாது.

எப்படி இறந்தார் என்று அறிய அடுத்து எங்கே

ஆணையத்திலிருந்து சரியான எழுத்துக்கூட்டல், படை எண், இறந்த நாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். மற்ற எல்லாக் கதவுகளுக்கும் இவைதான் சாவி.

பிரிட்டிஷ் விமானப் படை என்றால் முதல் இடம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ.ஐ.ஆர். 81 என்ற தொகுதி. விமான அமைச்சகத்தின் உயிர்ச்சேதப் பிரிவு வைத்திருந்த கோப்புகள் அவை. 1939இலிருந்து தொடங்கிக் கால வரிசைப்படி கட்டம் கட்டமாகத் திறந்து வருகிறார்கள். ஆகவே போரின் முதல் ஆண்டுகளில் இறந்தவர்களுக்கே வாய்ப்பு அதிகம். இதில் பலர் அறியாத ஒரு வசதி: கோப்பை வாங்க வேண்டியதில்லை, அட்டவணையில் உள்ள ஒற்றை வரி விவரத்திலேயே பெயர், இறந்தாரா காயமுற்றாரா, விமானத்தின் வகையும் எண்ணும், நாள், பல சமயம் இடமும் இருக்கும். ஆணையம் இணைக்காத இருவரையும் அந்த ஒரே வரி இணைத்துவிடும். இலவசம்.

ஏ.ஐ.ஆர். 27 ஸ்குவாட்ரன்களின் தினக் குறிப்பு. பயிற்சி மாணவருக்கு அது உதவாது. அவருக்கு ஏ.ஐ.ஆர். 29தான் சரி. பயிற்சி யூனிட்டுகளின் குறிப்பேடுகள் அதில்தான் உள்ளன. ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 'இன்று ஒரு விபத்து, மாணவர் மரணம்' என்ற அளவிலேயே பல பதிவுகள் நிற்கும். மாணவர் பெயர்கூட இல்லாத நாள்கள் உண்டு.

விபத்தின் காரணத்துக்கு நம்பத்தக்கது ஹெண்டனில் உள்ள விமானப் படை அருங்காட்சியகம் வைத்திருக்கும் விபத்து அட்டைகள், படிவ எண் 1180. விமான எண், யூனிட், விபத்தின் சுருக்கம், அந்த வகை விமானத்தில் விமானிக்கு இருந்த அனுபவ மணிகள் ஆகியவை அதில் வரும். கையெழுத்தும் குறியீடுகளும் வாசிக்கச் சிரமம். விமானத்தின் வகையும் நாளும் தெரியாமல் அட்டையைக் கேட்டால் கண்டுபிடிப்பது கடினம். அதனால்தான் ஏ.ஐ.ஆர். 81 முதலில், அட்டை பிறகு. விசாரணைக் குழுவின் முழு அறிக்கை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டிஷ் அறிக்கைகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டுவிட்டன.

கனடியருக்கு நிலைமை வேறு, மிக நல்லது. போரில் இறந்த கனடியப் படையினரின் முழுப் பணிக் கோப்புகளும் பொதுமக்களுக்குத் திறந்தவை. கனடிய நூலக ஆவணக் காப்பகத்தின் தேடலில் கோப்பைக் கண்டறியலாம். அன்செஸ்ட்ரி என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் படங்களாகவும் உள்ளன. சேர்ந்த நாள் விண்ணப்பம், ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர் எழுதிய மதிப்பீடு, பறந்த மணி, விபத்து விசாரணையின் சுருக்கம், தாய்க்குப் போன தந்தி வரை இருக்கும். பிரிட்டனில் அழிந்த விசாரணைத் தாளின் பிரதி கனடியரின் கோப்பில் பிழைத்திருப்பது உண்டு. எனவே உங்கள் ஆள் பிரிட்டிஷ்காரராக இருந்தாலும், அதே விமானத்தில் ஒரு கனடியர் இறந்திருந்தால் அந்தக் கனடியரின் கோப்பைத் தேடுங்கள். ஆஸ்திரேலியருக்கு அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ705 தொகுதி இதே வேலையைச் செய்யும். ஸ்கேன் ஆன கோப்பை இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம்.

குண்டுவீச்சுப் பிரிவுக்கு லிங்கனில் உள்ள சர்வதேச குண்டுவீச்சுப் படை மையத்தின் இழப்புத் தரவுத்தளம் இருக்கிறது. பயிற்சி யூனிட்டுகளில் இறந்தவர்களும் அதில் உண்டு. ஆணையம் சொல்லாத விபத்துக் காரணமும் உடனிருந்த குழுவினரும் அதில் பல பதிவுகளில் கிடைக்கின்றன. இலவசம். அமெரிக்காவில் அமெரிக்க ராணுவப் பள்ளிகளில் பயின்ற மாணவர் என்றால் அலபாமாவின் மேக்ஸ்வெல் தளத்தில் உள்ள விமானப் படை வரலாற்று ஆய்வு நிறுவனத்தில் விபத்து அறிக்கைகள் உள்ளன.

இந்தியாவில் தேடுவோருக்கு

இந்திய விமானப் படையின் போர்க்கால மாணவர்கள் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் தொடக்கப் பயிற்சி பெற்று, அம்பாலாவில் அடுத்த நிலைக்குப் போனார்கள். 'சர்வ்டு வித்' பெட்டியில் இந்தியாவையும், 'சர்வ்டு இன்' பெட்டியில் விமானப் படையையும் வைத்து நாள் வரிசைப்படி பார்ப்பதே இவர்களுக்குச் சிறந்த வழி. பெயரை வைத்துத் தேடினால் மேலே சொன்ன உடைப்புச் சிக்கல் வரும். தகனம் செய்யப்பட்டவர்களுக்குக் கல்லறை இருக்காது, நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கும். எனவே கல்லறைத் தோட்டப் பெட்டியை நிரப்ப வேண்டாம்.

சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே இருக்கும் 850க்கும் மேற்பட்ட இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகள் தென்னிந்தியா, கிழக்கிந்தியாவில் சிதறிக் கிடந்த ஊர்க் கல்லறைகளிலிருந்தும் கண்டோன்மென்ட் கல்லறைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவை. ஆகவே அங்கே கிடப்பவர் சென்னையில் இறந்தார் என்று கொள்ள முடியாது. அந்தத் தோட்டத்து விமானப் படையினர் யாரைத் தேடினாலும் பக்கத்தின் கீழே உள்ள தாள்களில் உடல் மாற்றப் பதிவைத் தேடுங்கள். முதலில் எங்கே புதைத்தார்கள் என்பது அதில் இருந்தால், எந்த விமானத் தளம் என்று அங்கிருந்து பிடித்துவிடலாம்.

மதிப்பீடு என்று கேட்டால்: கல்லறையைக் கண்டுபிடிக்கும் கருவியாக இதைவிட நல்லது இல்லை. இலவசம், விரைவு, தரவிறக்கம், மூலத் தாள்கள், எல்லாம் உண்டு. பயிற்சியில் இறந்தவரின் கதையை அறியும் கருவியாக இது பாதி வழிதான் கொண்டுபோகும். ஒரே விபத்தில் இறந்தவர்களை இணைக்கும் ஒரு சிறு இணைப்பையாவது ஆணையம் சேர்த்தால், 1941 டிசம்பர் 11இல் இறந்த அந்த மாணவரைப் போன்ற பலர் தங்களோடு இறந்த புகழ்பெற்றவரின் பக்கத்திலிருந்தாவது கண்டுபிடிக்கப்படுவார்கள். இப்போதைக்கு ஆணையத்தின் தேடலில் தொடங்கி அவரைக் காணும் வழி இதுதான்: அன்றைய தேதி, விமானப் படை, பதவி லீடிங் ஏர்கிராஃப்ட்மேன் என்று கொடுத்து, வருகிற பெயர்களை ஒவ்வொன்றாக ஏ.ஐ.ஆர். 81 அட்டவணையிலும் கிரான்வெல் பதிவுகளிலும் ஒத்துப் பார்ப்பது.

பிழை கண்டால் ஆணையத்துக்கு எழுதலாம். குடும்பத்தில் சொல்லிக் கேட்டது மட்டும் போதாது. பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, பணிக் கோப்பின் பக்கம் போன்ற அந்தக் கால ஆவணத்தின் பிரதியை இணைத்து, பதிவில் உள்ள படை எண்ணையும் கல்லறை எண்ணையும் குறிப்பிட்டு அனுப்புங்கள். ஒரு கடிதத்தில் ஒரு பெயருக்கான திருத்தத்தை மட்டும் கேட்பது நல்லது.